மாப்பிள்ளைக்கு வைத்த அட்டை

எனக்கு வாய் அதிகம். அண்ணி அதைச் சொல்லும்போதெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது போவதில்லை.

புத்தக பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை. அச்சான தாள்களை மடித்துத் தைப்பேன். அட்டை ஒட்ட அங்கேயே மாவில் பசை காய்ச்சுவோம். அந்த வாசனைக்கு எலி வருகிறது என்று மேனேஜர் ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார். அது நாள் முழுக்கக் காகிதக் கட்டின் மேல் படுத்துக்கொண்டு நாங்கள் வேலை செய்வதைப் பார்க்கும். சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தோம்.

ஒருநாள் எலிக்குஞ்சு ஒன்று பசை வாளியில் விழுந்து, எப்படியோ ஏறி வந்து தரையில் கிடந்தது. சூப்பர்வைசர் இறங்கி வந்தது. கதை முடிந்தது என்று நினைத்தேன். அது நக்க ஆரம்பித்தது. பசை ருசிக்காகத்தான் என்றார்கள். பசை தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு இரண்டுக்கும் ஒரே தட்டு. நான் பால் ஊற்றினால் முதலில் எலி குடிக்கும், பூனை காத்திருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு டாண் என்று வந்து, ஒரு துரும்பையும் அசைக்காமல் போவதால் எலிக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

லோடு இறக்க வந்த டிரைவரிடம் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் மேனேஜரிடம் சொல்லிச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது தேவலை, அது மட்டும்தான் கெட்டுப்போகிறது.

மறுநாள் எலி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டையோடு மேனேஜர் என் முன்னால் நின்றார்.

"அது எந்தப் பக்கம் வரும்னு உங்களுக்குத்தாம்மா தெரியும். நீங்களே வெச்சிடுங்க."

"ஒத்த எலி சார். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"போன வாரம் நாப்பது புக்குல முனையைக் கடிச்சிருக்கு. யாரு பதில் சொல்றது? நீங்களா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

மாப்பிள்ளை ஒருநாளும் வராத மூலையாகப் பார்த்து, கட்டிங் மிஷினுக்குப் பின்னால் அட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

காலையில் பூனை கத்துவது வாசல் வரை கேட்டது. அட்டையை அதுதான் முதலில் மிதித்திருக்கிறது. முன்னங்கால் இரண்டும் ஒட்டியிருந்தன. கத்தல் கேட்டு மாப்பிள்ளை போயிருக்க வேண்டும். பூனையின் மார்புக்குக் கீழே, உடம்பு முழுக்க ஒட்டிக் கிடந்தது. பூனை கத்துவதும் அதன் தலையை நக்குவதுமாக இருந்தது. அன்றைக்குப் போல நக்கியே எடுத்துவிடலாம் என்று நினைத்ததோ என்னவோ.

பக்கத்துக் கடைக்கு ஓடி எண்ணெய் வாங்கி வந்தேன். ஊற்றி ஊற்றிப் பூனையின் கால்களை விடுவித்தேன். என் கை எலிப் பக்கம் போனது.

"அது வேணாம்மா" என்றார் மேனேஜர்.

குரல்கூட உயரவில்லை. அட்டையை இரண்டாக மடித்து வெளியே எடுத்துக்கொண்டு போனார். எண்ணெய் வழியும் கையோடு நின்றேன்.

பூனை என்னைப் பிறாண்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்போதும் மத்தியானம் பால் ஊற்றினால் குடிக்காமல் என் காலை உரசுகிறது. திரும்பித் திரும்பிப் பார்த்தபடி என்னைக் கட்டிங் மிஷினுக்குப் பின்னால் கூட்டிப்போகிறது. அங்கே வெறும் தரைதான். தன் காலை விடுவித்தவள் மாப்பிள்ளையையும் எடுத்துத் தருவாள் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போ என்று விரட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.