குட்டியானை நின்ற இடம்

முனீஸ்வரன் குட்டியானை லோடு வண்டியின் டிரைவர் சீட்டைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, அடியிலிருந்த இன்ஜினைக் குனிந்து பார்த்தார். நாலு வீடு தள்ளி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார் சுடலைக்கண்ணு. தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டிய ஒரே மகள் தங்கமாரி, தெருமுனையில் மெக்கானிக்குக்குக் காவல் நின்றாள். துட்டி கேட்க வந்த சனம் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனது. பார்த்தால் பார்க்கட்டும் என்று அவளும் நின்றாள்.

முனீஸ்வரனைப் புதூரிலிருந்து போன் போட்டு வரவழைத்ததே அவள்தான். வண்டி அவளுடைய சித்தப்பா மந்திரமூர்த்தியுடையது. நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பாவை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நடுவழியில் நின்றது. நின்றது நின்றதுதான். அப்பாவின் உயிர் அந்த வண்டியிலேயே போய்விட்டது. பிறகு வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து தெருமுனையில் விட்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, வண்டியில ஒரு பழுதும் இல்லன்னா அத ஊர் முன்னால சொல்லணும். சொல்லுவியளா?”

“மொதல்ல பாக்க விடு தங்கச்சி.”

சுடலைக்கண்ணுவுக்கு மகன் கிடையாது. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று ஊர் பேசி முடித்துவிட்டது. தங்கமாரி வேறு முடிவில் இருந்தாள். வேண்டுமென்றே வண்டியை நிறுத்திய ஆளின் கையால் அப்பாவுக்குத் தீ விழக் கூடாது. மெக்கானிக் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், கொள்ளிச்சட்டியைத் தானே வாங்கிக்கொள்வது என்று இருந்தாள்.

சந்தேகப்படுவதற்கு அவளிடம் சரக்கு இல்லாமல் இல்லை. புஞ்சையை அளந்து கல் ஊன்றிய நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. “ஒன் சாவுக்குக்கூட வர மாட்டேன்லே” என்று அண்ணனைப் பார்த்துச் சித்தப்பா கத்தியதை ஊரே கேட்டது. அந்த மனுஷன் வாசலில்தான் நேற்றுப் போய் நிற்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது.

சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்த சித்தப்பா, ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும், “முள்ளு அடியில கெடக்கே, டீசல் காணாதே” என்றார். அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது. சாக்குச் சொல்ல விடக் கூடாது என்று, பம்புசெட்டுக்காக அப்பா வைத்திருந்த கேனைத் தூக்கிவந்து தானே டேங்கில் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விடாமல் குலுக்கி ஊற்றினாள். அதற்குப் பிறகும் வண்டி நடுக்காட்டில் நிற்குமாம்!

தார் ரோட்டைத் தொடும் முன்னே இரண்டு முறை இருமியது, குலுங்கியது, அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. மழை பெய்த கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது. சித்தப்பா சாவியைத் திருப்பினார். கிர்ர் கிர்ர் என்றதே தவிரப் பிடிக்கவில்லை. இறங்கி வண்டிக்கடியில் புகுந்து எதையோ அமுக்கினார், எதையோ திருகினார். “டீசல் கொழாயில காத்து புடிச்சிருக்கும்” என்றார். அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா உள்ளங்கையில் எதையோ ஏந்திப் பார்த்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார். அந்த முகத்தை நினைத்து நினைத்தே அவளுக்கு ராத்திரி விடிந்தது.

“பேட்டரி நல்லாருக்கு. செல்ஃபும் நல்லா சுத்துது. வயர்லயும் கோளாறு இல்ல” என்றார் முனீஸ்வரன்.

“அப்ப பழுதே இல்ல!”

“ஏன் அவசரப்படுத? வண்டி ஸ்டார்ட் ஆவலயே.”

அவர் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து டீசல் பில்டருக்கு அடியில் பிடித்தார். அந்த நேரம் பார்த்து மந்திரமூர்த்தி வந்தார். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிய கோலம்; வெற்று உடம்பு, இடுப்பில் துண்டு.

“ஏலே முனீசு, ஒன்ன யாரு இங்கன வரச் சொன்னா?”

“நாந்தான் சொன்னேன்” என்றாள் தங்கமாரி.

“சாவு வீட்டுல இது என்ன வேல? மூடிட்டுக் கெளம்புலே. பொறவு பாத்துக்கிடலாம்.”

“ஏன் சித்தப்பா பயப்படுதிய?”

அதற்குள் முனீஸ்வரன் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். மேலே டீசல், கீழே பாதிக்குக் கலங்கல் தண்ணீர்.

“இது உள்ள போனா எந்த வண்டியும் நிக்கத்தான் செய்யும். இந்த டீசல எங்கன போட்டிய?”

“பங்க்ல” என்றார் மந்திரமூர்த்தி சட்டென்று.

“பங்க் டீசல்ல இவ்வளவு தண்ணியா? மழைத்தண்ணி எறங்குன மாதிரில்லா இருக்கு. கசடப் பாருங்க. பம்புசெட்டுக் கேன்ல அடியில கெடக்குமே, அது மாதிரி...”

“பங்க்லதாங்கேன்லா! நான் எங்கன போட்டேன்னு எனக்குத் தெரியாதா?”

தங்கமாரிக்குத் தான் கவிழ்த்த கேன் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூடி தொலைந்து, வாயில் பருத்தியை அடைத்து வைத்திருந்த கேன் அது. கொட்டகை ஒழுகினால் தண்ணீர் இறங்கி அடியில் தங்கும். அதனால் அப்பா கேனை ஆட்டாமல் அசைக்காமல் மேலாக இறுத்துக்கொண்டு, அடியை அப்படியே விட்டுவிடுவார். பம்புசெட் இருக்கிற எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அவளுக்கும் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். நேற்று எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

சித்தப்பா நேற்றே அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் பார்த்துவிட்டார். பார்த்தும் வாய் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க அவரைக் கொலைகாரன் என்று மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் அவளை நோக்கியே திரும்பின. அய்யோ, நானா அப்பாவை நடுவழியில் நிறுத்திவைத்தேன்!

“சித்தப்பா, அந்தக் கேனு...”

“எந்தக் கேனு? கேனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.” முனீஸ்வரன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். கரிசல் மண் உடனே குடித்துவிட்டது. “ஏட்டி, ஒங்கம்மா அங்கன ஒத்தையில கெடந்து கத்துதா. போ, போயி அவளப் புடி.”

காரியம் முழுக்க முன்னின்று நடத்துகிற உக்கிரபாண்டி அதற்குள் வந்துவிட்டார். பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

“நீர்மாலைக்கு நேரமாச்சு. ஏம்மா, கொள்ளி விஷயமா ஊர் முன்னால என்னமோ சொல்லணும்னியே? இப்பவே சொல்லிரு.”

தெரு முழுக்க அவளைப் பார்த்தது. மந்திரமூர்த்தி மட்டும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சித்தப்பாதான் வைக்கணும்னு சொல்ல வந்தேன்.”

“அத யாரு இல்லன்னா? நல்ல பிள்ள போ.” உக்கிரபாண்டி அலுத்துக்கொண்டே மந்திரமூர்த்தியின் கையைக் கவனித்தார். “என்னய்யா, கையெல்லாம் டீசலு? இதோடயா குடத்தத் தொடுவ?”

தங்கமாரி பக்கத்து வீட்டிலிருந்து வாளித் தண்ணீரும் செம்பும் சோப்பும் கொண்டுவந்தாள். சித்தப்பா குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் ஊற்றினாள். அவர் தேய்த்தார், ரேகையோடு ஒட்டிக்கிடந்த கறுப்பு போகவில்லை. இரண்டு பேரும் தரையில் ஓடுகிற தண்ணீரையே பார்த்தார்கள்.

“போதும் தாயி” என்றார்.

அவள் செம்பை மறுபடி வாளிக்குள் முக்கினாள்.