அசன் பாய் நிறுத்திய இடம்

பாளையங்கோட்டையில் ஒருவரைப் பேச எழுப்புவது சுலபம்; உட்கார வைக்கத்தான் ஆள் வேண்டும். எங்கள் சனிக்கிழமை இலக்கியக் கூட்டத்துக்கு அந்த ஆள், செயலாளர் வைத்தியலிங்கம் அண்ணாச்சி. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் மனுக்களைப் படித்தவர். ஒரு பட்டா மாறுதலுக்கு நாலு பக்க மனு வரும். அதில் மூன்றரைப் பக்கம் தாசில்தாரின் கருணை உள்ளம். வாசித்து வாசித்து, நீளமாக எதைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

துண்டுச் சீட்டுதான் அவர் ஆயுதம். மற்ற கூட்டங்களில் 'நேரம் முடிந்தது' என்று எழுதி அனுப்புவார்கள். பேச்சாளர் அதைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'இறுதியாக ஒன்று' என்று இன்னும் அரைமணி நேரம் ஓட்டுவார். அண்ணாச்சி ஆளுக்குத் தகுந்தபடி எழுதுவார். தன்னுடைய எளிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் போன சீட்டு: 'ஐயா, உங்கள் டிரைவர் இன்னும் சாப்பிடவில்லையாம்.' தன் கவிதைக்குத் தானே பொழிப்புரை சொன்ன பேராசிரியருக்கு: 'முதல் தடவையே புரிந்துவிட்டது.'

எனக்கும் ஒன்று வந்தது. அப்போது இருபத்தேழு வயது. உலக இலக்கியத்தை உள்ளங்கையில் வைத்திருந்தேன். 'தம்பி, நீங்கள் சொல்ல வந்தது முடிந்து பத்து நிமிடம் ஆகிறது.' மேடையை விட்டு இறங்கி நேரே அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"சொல்லுற விசயம் உசந்ததா இருந்தா அதுவே நிக்கும்வே. நீரு ஏன் முட்டுக் கொடுக்கீரு?"

அன்றிலிருந்து அவர் பக்கத்து நாற்காலி என்னுடையது. சீட்டுகளை மேடைக்குக் கொண்டுபோகிற உத்தியோகமும் என்னுடையது. எனக்கு ஐம்பத்தொரு வயதாகி, அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் கைகூப்புகிற வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

ஊரில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்றால், அவரிடம் ஞானம் இருக்கும் என்று நாலு பேர் பாத்திரத்தோடு வந்துவிடுகிறார்கள். முதலில் வந்தவர் சங்கரசுப்பிரமணியன். எங்கள் கூட்டத்தில் வளர்ந்தவர். இப்போது 'வாழ்வியல் சிந்தனையாளர்' என்று அட்டை அடித்து வைத்திருக்கிறார். கட்டிலுக்கு எதிரே ஸ்டாண்டை நிறுத்தி, செல்போனை மாட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, உங்க வாழ்க்கையில இருந்து இந்தத் தலைமுறைக்குப் பத்துப் பாடம் சொல்லணும்."

"பத்தா?" அண்ணாச்சி யோசித்தார். "ரெண்டு இருக்கு. மாத்திரையை வெறும் வயித்துல முழுங்கப்படாது. முதுகுல புண்ணு வராம இருக்கணும்னா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பொரண்டு படுக்கணும்."

"இன்னும் கொஞ்சம் ஆழமா, ஐயா..."

"புண்ணு ஆழமாத்தான்வே இருக்கு."

அண்ணாச்சியின் மகள் ராஜராஜேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சங்கரசுப்பிரமணியன் ஸ்டாண்டை மடித்துக்கொண்டு போனதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"மகேசு, அசன் பாயைக் கூட்டிட்டு வாரும்."

"போன சனிக்கிழமை வந்துட்டுத்தான போனாரு, அண்ணாச்சி?"

"அது நோயாளியைப் பாக்க வந்தது. அன்னைக்கு அவரு பாதியில நிறுத்துனார்லா, அந்த மீதியை நான் கேக்கணும். போறதுக்குள்ள கேக்கணும்."

அசன் பாயைப் பாதியில் நிறுத்தியது நான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய கதை. மேலப்பாளையத்தில் கைலிக் கடை வைத்திருக்கும் அசன் முகம்மது எங்கள் கூட்டத்துக்கு வர ஆரம்பித்து அப்போது மூன்று வாரம்தான். சவூதியில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. 'எனக்குப் பிடித்த புத்தகம்' என்று ஐந்து நிமிடம் பேச ஏறினார். புத்தகத்தின் பேரைக்கூடச் சொல்லவில்லை. மனைவி ஜமீலா, அவள் அனுப்பிய கேசட், அதில் கேட்கும் தறிச் சத்தம் என்று போய்க்கொண்டே இருந்தார். குக்கர் விசில் அடித்தது, அவள் அடுப்பை அணைக்கப் போனாள் என்ற இடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இலக்கியக் கூட்டத்தில் குக்கரா? அண்ணாச்சி டீ சொல்ல வெளியே போயிருந்தார். அவர் பேனாவை எடுத்து, அவர் நடையிலேயே எழுதினேன்: 'புத்தகத்துக்கு வாருங்கள்.' நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அசன் பாய் படித்தார். மைக்கைப் பார்த்தார். "நன்றி, வணக்கம்" என்று இறங்கிவிட்டார்.

ஜமீலா பீவி அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் இறந்திருந்தார் என்பது ஒரு மாதம் கழித்து எங்களுக்குத் தெரிந்தது. சீட்டை எழுதியது நான்தான் என்று அவரிடம் போய்ச் சொல்லத் துடித்தேன்.

"செயலாளர் நாந்தான. எவன் எழுதுனாலும் அது என் சீட்டுதான்," என்றார் அண்ணாச்சி. அதோடு சரி. அசன் பாய் வாராவாரம் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முடிந்ததும் அண்ணாச்சியோடு டீ குடித்தார். மறுபடி மேடை ஏறவே இல்லை. வருஷா வருஷம் பேச்சாளர் பட்டியல் போடும்போது அவர் பேர் வரும். நானும் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். 'வேண்டாம், அவரு மனசு நோவும்' என்று அடித்துவிடுவோம். அதற்கு நாகரிகம் என்று பேர் வைத்திருந்தோம்.

"இந்தத் தடவை நான் ஒத்துக்கிடப் போறேன், அண்ணாச்சி," என்றேன்.

"ஒத்துக்கிட்டா உமக்குப் பாரம் எறங்கும். அவருக்கு என்ன கெடைக்கும்? மொதல்ல அவரு பேசட்டும்."

நான் கேட்கவில்லை. மேலப்பாளையம் போகிற வழியெல்லாம் வசனம் தயாரித்தேன். மூன்று பத்தி வந்தது. நடுவில் ஒரு இடத்தில் குரல் உடையவேண்டும் என்றுகூடத் திட்டம்.

கடையில் அசன் பாய் கைலிகளை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கூப்பிடுவதைச் சொல்லிவிட்டு, முதல் பத்தியைத் தொடங்கினேன். இரண்டாவதில் குரல் உடைந்தது; திட்டத்துக்கு முன்னாலேயே, நிஜமாகவே. "அந்தச் சீட்டை எழுதுனது அண்ணாச்சி இல்ல, பாய். நான்."

"எந்தச் சீட்டு?"

"அன்னைக்கு மேடையில... 'புத்தகத்துக்கு வாருங்கள்'னு..."

அவர் கைலியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஆமா, ஒண்ணு வந்துச்சு. என்ன எழுதிருந்துன்னு ஞாபகமில்ல. அல்ஹம்துலில்லா, நல்ல நேரத்துல வந்துச்சு தம்பி! அவ மௌத்தாயி நாப்பது கழிஞ்சு ரெண்டு நாளு. வீட்டுல இருக்க முடியாமத்தான் அங்கன வந்ததே. குக்கர்னு சொன்னதும் தொண்டை அடைச்சுட்டு. எப்பிடி எறங்கன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க பேப்பரை நீட்டுனிய. இல்லன்னா அத்தனை பேரு முன்னாடி அழுதிருப்பேன்."

மூன்றாவது பத்தி வாய்க்குள்ளேயே நின்றுபோனது. பத்தொன்பது வருஷமாக ஒரு மனிதரின் வாயை அடைத்த பாவி நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் எழுத்து அவருக்கு ஞாபகம்கூட இல்லை.

"பொறவு ஏன் பாய் மேடை பக்கமே வரல?"

"யாரும் கூப்பிடலையே, தம்பி."

குறையாகச் சொல்லவில்லை. கைலியின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். "சனவரி மாசம் பட்டியல் ஒட்டுவியள்லா, போய்ப் பாப்பேன். சரி, நமக்குப் பேச வராதுன்னு வச்சிருக்காக போலன்னு நெனைச்சுக்கிட்டேன்."

நான் திரும்பி வந்து, சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும், அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"பத்தொம்பது வருசமா நாம அந்த மனுசனுக்கு மரியாதை பண்ணிக்கிட்டு இருந்திருக்கோம்வே," என்றார். "ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அசன் பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி. மேடைக்கு வருகிற மாதிரிதான் வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம்.

"எப்டி இருக்கிய, அண்ணாச்சி?"

"அதை விடும். குக்கர் விசில் அடிச்சிட்டு. அந்தப் பிள்ளை அடுப்பை அணைக்கப் போயிருக்கா. பொறவு?"

அசன் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"போனா, நாலு நிமிசம் கேசட்டுல ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி. வெறும் தறிச் சத்தம். சவூதியில, தம்மாம்ல, நான் அந்த நாலு நிமிசத்தையும் கேப்பேன். ஓட்டி விட மாட்டேன். பொறவு வந்து, 'எங்கன விட்டேன்?'ன்னு கேட்டுட்டுத் திரும்ப வாசிப்பா. கடுதாசி எழுத அவளுக்குச் சோம்பல். அதுக்குப் பதிலா ஒரு நாவலை எடுத்து வாசிச்சு, ஊருல இருந்து வாரவுக கையில குடுத்து விடுவா. சும்மா வாசிக்கவும் மாட்டா. நடுவுல நிறுத்தி, 'ஏங்க, இவனுக்குக் கிறுக்கா?'ம்பா."

"என்ன கதை?"

"கப்பல்ல போன ஒருத்தன் கதை. ஏழு கேசட்டு வந்துச்சு. கடைசி அத்தியாயத்தை மட்டும் அனுப்பல. 'மீதியை ஊருக்கு வந்து கேளுங்க'ன்னுட்டா. லீவுல வந்தேன். சொன்னா. அவன் திரும்பி வந்து, கடல் பக்கமே தலைவச்சுப் படுக்காம, பெஞ்சாதியோட சேந்து முறுக்கு யாவாரம் பாக்கான்னு."

"நல்ல முடிவுதான?"

"அவ மௌத்தான பொறவு நானே புத்தகத்தை எடுத்து வாசிச்சேன். புத்தகத்துல அவன் வரவே இல்ல, அண்ணாச்சி. கப்பல்லயே முடிஞ்சு போறான். முறுக்கு யாவாரம் பூராவும் இவ போட்டது."

ராஜராஜேஸ்வரி டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். நான் புத்தகத்துக்கு வரச் சொன்னபோது அந்த மனிதர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

அண்ணாச்சி கையைக் கொஞ்சமாகத் தூக்கினார். அசன் பாய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"முறுக்கு யாவாரம் ஓடுச்சா, பாய்?"

"அது பெரிய கதைல்லா. ஒவ்வொரு லீவுக்கும் வந்து, 'அவன் என்ன செய்யுதான்?'னு கேப்பேன். புதுசா ஏதாவது சொல்லுவா. ஊரோட வந்து இருந்த பொறவும் விடல. இருபது வருசம் வளத்துட்டா."

"சொல்லும். எனக்கு வேற என்ன சோலி?"

அசன் பாய் ஒன்பது நாள் வந்தார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால், மருந்து அண்ணாச்சியைத் தூக்கத்துக்குள் இழுக்கும்வரை சொல்வார். முறுக்குக்காரன் எண்ணெய்க் கடைக்காரனோடு சண்டை போட்டான், சமாதானமானான், சீடைக்கு மாறி நஷ்டப்பட்டான். அண்ணாச்சி குறுக்கே கேட்டது எல்லாம் கதைக்கு உள்ளிருந்தே கேட்டார். "அவன் பெஞ்சாதி என்ன சொன்னா?" "மழையில கடையை எங்கன மாத்துனான்?" ஒரு நாள் சங்கரசுப்பிரமணியன் வந்து எட்டிப் பார்த்தார். முறுக்குக்கு எள்ளா சீரகமா என்பதில் இரண்டு பேரும் கடுமையாக மோதிக்கொண்டிருந்தார்கள். பாடம் எதுவும் தேறாது என்று போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் முறுக்குக்காரன் மகளுக்கு நாங்குநேரியில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வியாழக்கிழமை வருகிறார்கள் என்ற இடத்தில் அண்ணாச்சி கண் அசந்தார். "நாளைக்குச் சொல்லுதேன்," என்று அசன் பாய் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

விடிகாலையில் ராஜராஜேஸ்வரி போன் செய்தாள்.

கருப்பந்துறையில் எரியூட்டி முடிந்ததும் நாலைந்து பேர் பேசினார்கள். நீளமாகத்தான் பேசினார்கள். நான் ஆற்றில் முங்கிவிட்டுப் படியேறினேன். மேல்படியில் அசன் பாய் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"பாய், நாங்குநேரிக்காரங்க வந்தாங்களா?"

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வந்தாக தம்பி. வேன்ல எடம் பத்தாம, மாப்பிள்ளையை மட்டும் விட்டுட்டு வந்துட்டாக."

ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.