குனிந்தால் போகும் மின்சாரம்

அவள் குனிந்தால் தெருவுக்கே மின்சாரம் போய்விடும், நிமிர்ந்தால் வரும். பல் செட் கட்டுவது அவள் தொழில். பகல் முழுக்க ஊரார் வாயின் அச்சுகள்மேல் குனிந்திருக்க வேண்டியிருந்ததால், தெருக்காரர்கள் மின்வாரியத்தைத் திட்டித் தீர்த்தார்கள். குனிகிற நேரத்தில் அவளுக்கும் கண் இருட்டும். படுத்தால் மண்டை பிளக்கும். நெஞ்சு அடிக்க அடிக்கக் காதுக்குள் சர் சர்ரென்று தண்ணீர் ஓடும். அந்த இரைச்சல் அடுத்த அறையில் இருந்த நாத்தனாருக்கும் கேட்டது. "குழாய மூடக்கூட ஒடம்பு வணங்கல இவளுக்கு" என்று நாத்தனார் தன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

தலைவலி என்று சொன்னால் எல்லோர் பார்வையும் அவள் இடுப்புக்குத்தான் போனது. முதலில் பார்த்த மருத்துவர் அவள் கண்ணைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஒடம்பக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நாத்தனார் இவள் தட்டுச் சோற்றில் பாதியை வழித்துத் தன் தட்டில் போட்டு, வாயைத் திறந்துகொண்டே மென்றாள். புருஷன் சிரித்தான். அவளுக்குக் குமட்டியது, வலியால் பாதி, இவர்களால் மீதி. ஒரு வருஷத்தில் பார்வை வலது ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்தது. தெருச் சங்கத் தலைவருக்குக் கட்டிய செட்டில் வலது பக்கப் பற்கள் மட்டும் பழுப்பாக அமைந்தன. இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவரும் அதையே மாட்டிக்கொண்டு இளித்துத் திரிந்தார். பிறகு தெருவின் வலது வரிசைக்கு, அவள் நிமிர்ந்தாலும் மின்சாரம் வரவில்லை. ஃப்ரிட்ஜில் கறி அழுகிப் புழு நெளிந்த பிறகுதான், கோளாறு மின்வாரியத்தில் இல்லை, இவள் கண்ணில் என்று கண்டுபிடித்து, அந்த வரிசையே திரண்டு அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது.

டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "மண்டைக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறி, கண் நரம்பு வீங்கிப்போச்சு. ஏம்மா இவ்வளவு நாள் வரல?"

வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து, "ஃப்ரிட்ஜ் நின்னாத்தானே வருவாங்க, டாக்டர்" என்றாள் அவள்.

முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், காது ஓய்ந்தது. மாத்திரையால் விரல் நுனிகள் குறுகுறுத்தன, சோடா குடித்தால் இரும்பை நக்கியது மாதிரி இருந்தது. எடையையும் குறைத்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் நாத்தனார். இப்போது அவள் எவ்வளவு குனிந்தாலும் இடது வரிசையில் விளக்கு எரிகிறது. வலது வரிசைக்காரர்கள் கொஞ்ச நாள் வந்து, "எங்களுக்கு எப்பம்மா கரண்டு வரும்?" என்று கேட்டார்கள், அவள் கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"போன பார்வை போனதுதானாம்" என்று சொல்லிவிட்டு, தலையை நன்றாக வலப்பக்கம் திருப்பி, ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவர்கள் மெழுகுவர்த்தி வாங்கப் போனார்கள்.