மாப்பிள்ளையின் கண்ணாடி அலமாரி

என் தங்கை வீட்டுக்காரர் படகுக்கு வாங்காத சாமான் கிடையாது. உயிர்காப்புச் சட்டை, தீயணைப்பான், டார்ச், இன்ஜினுக்கு மாற்று பிளக் எல்லாம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடுமாம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

நேற்று அவரோடு மீன்பிடிக்கப் போய்த் தொலைத்தேன். நடுக்கடலில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. பிளக்கில் கரி ஏறியிருந்தது. துடைத்துப் போட்டும் பயனில்லை.

"மாத்து பிளக் எங்க மாப்ள?"

"வீட்ல பத்திரமா இருக்கு மச்சான்."

பத்திரமாக இல்லாதவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். மாப்பிள்ளை ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வேறொரு படகுக்காரர் எங்களைக் கட்டி இழுத்துவந்தார். வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்.

கரையேறியதும் நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அலமாரியைத் திறந்து, புது பிளக்கின் உறையைப் பிரிக்கப் போனேன். அந்த மேதாவி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, படகிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழையதை என் கையில் திணித்தார்.

"இதையே இன்னொரு தடவ தேச்சுப் போடுங்க மச்சான். நாளைக்கு ஒரு அவசரம்னா புதுசு வேணாமா?"