துருவத்துக் கல்லும் குழாய்த் தண்ணீரும்

வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கல் அறுக்கிற வேலை. அன்று வட துருவத் தீவிலிருந்து ஒரே ஒரு மணற்கல் துண்டு வந்திருந்தது. என்றோ பூமிக்கடியிலிருந்து ஏறிய வெந்நீர் அதன் பாதியைக் களிமண்ணாக மாற்றியிருந்ததாம். பிறகு பனிதான் அதைப் பத்திரமாக வைத்திருந்தது. அதைத் தகடாக அறுத்துக் கொடுத்தால் எனக்கு லீவு. நான் இன்னும் பார்க்காத என் மகளுக்கு ஊரில் ஞாயிறன்று ஞானஸ்நானம்.

இங்கே வருவதெல்லாம் சுண்ணாம்புக்கல். ரம்பம் ஓடுமுன் கை தானாகத் தண்ணீரைத் திறக்கும். அன்றும் திறந்தது.

“லேய் ஜெகின், இத எண்ணெய் விட்டுல்லா அறுக்கணும்!” என்று ஞானசிங் அண்ணன் ஓடி வந்தார். அதற்குள் களிமண் கரைந்து கல் கூழாகிவிட்டது.

“கரண்டி இருக்காண்ணே?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மேனேஜர் வந்து ரம்பத்தின் தட்டில் கிடந்த கூழைப் பார்த்தார். “வேற பீஸ்?”

“மாஃபி சார்.” இல்லை என்பதற்கு இங்கே அரபியில் அதுதான் சொல்.

“அப்போ லீவும் மாஃபி.”

ஞாயிறன்று போனில் மகளின் அழுகை கேட்டது. “தலையில தண்ணி பட்டதும் அழுதுட்டா” என்றாள் என் மனைவி சுபிஷா.

“நம்ம குடும்பத்துக்குத் தண்ணி ஆகாதுட்டி” என்றேன்.

அவளும் சிரிக்கவில்லை. அடுத்த லீவு எப்போது என்று கேட்கவும் இல்லை.