வாங்குபவர் பெயர்: நிறுத்திவைப்பு

சேபொம் செல் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பில் எல்லாம் இருந்தது. ஸ்மார்ட் கைக்கடிகாரத்துக்குள் வைக்கிற சின்ன பேட்டரி, மூன்று வருட ஒப்பந்தம், கம்பெனியின் போன வருட விற்பனையில் பாதிக்கு மேல் வரும் தொகை. வாங்குபவர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும், வணிக ரகசியம் கருதி அடுத்த மார்ச் கடைசிவரை நிறுத்திவைக்கப்படுகிறது என்று போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்ட மாதிரி.

எங்கள் கொரியாவில் சில்லறையாகப் பங்கு வாங்குகிறவர்களுக்கு எறும்பு என்று பெயர். சர்க்கரை எங்கே என்று தெரியாவிட்டாலும் வரிசையில் நிற்பது எங்கள் குணம். சேபொம் எறும்புகள் அந்த அறிவிப்பு வந்த அன்றே மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். அமெரிக்கக் கட்சி, உள்ளூர்க் கட்சி, சீனக் கட்சி. இணையத்தில் அந்தப் பங்குக்கென்று இருந்த பேச்சுப் பக்கத்தில் பகலெல்லாம் சண்டை. ஆலையின் சாப்பாட்டுக்கூடத்து மெனுவை யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். அதில் வியாழக்கிழமை ஹாம்பர்கர் என்று இருந்தது. "அமெரிக்கக்காரன் வந்துட்டான், இனி பேச்சே இல்ல" என்று ஒருவர் துள்ளினார். "எங்க பையன் ஸ்கூல்லயும் வியாழக்கிழமை ஹாம்பர்கர்தான். அவனுக்கும் பேட்டரி ஆர்டர் வந்திருக்கா?" என்று இன்னொருவர் கேட்டார்.

சோங்ஜூ நகரத்தில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்த ஹேசுன் இதையெல்லாம் படித்துத் தனியாகச் சிரிப்பாள். விவாகரத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. கடைக்கு மேலேயே வீடு. பக்கத்தில் தொடுகறிக் கடை வைத்திருக்கும் ஓக்புன் அக்கா சொல்லித்தான் அந்தப் பங்கை வாங்கினாள். அக்கா ஒரு ஜோடி செருப்புக் காசு லாபம் வந்ததும் விற்றுவிட்டு வெளியேறினாள். ஹேசுன் இருந்துகொண்டாள்.

பேச்சுப் பக்கத்தில் அவள் பெயர் 'இஸ்திரி'. அங்கே 'பின்வாசல்' என்றொருவர் இருந்தார். நகர ஓரத்து ஓச்சாங்கில், சேபொம் ஆலைக்கு அருகிலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற மனிதர். சாயங்கால நடையின்போது ஆலையின் பின்வாசலுக்கு எதிரே ஒரு கிங்கோ மரத்தடியில் நின்று ஒரு படம் எடுத்துப் போடுவார். படத்தில் ஆலைச் சுவர், இரண்டாம் மாடியில் நீளமான சாப்பாட்டுக்கூட ஜன்னல், மேலே வானம். கீழே ஒரு வரி எழுதுவார். "இன்று ஜன்னலில் விளக்கு எரிகிறது. இரண்டாம் ஷிஃப்ட் ஓடுகிறதுபோல." மற்ற எறும்புகளுக்கு விளக்கு முக்கியம். ஹேசுன் வானத்தைப் பார்ப்பாள்.

ஒரு நாள் அவர், வெள்ளைச் சட்டையில் சோயா சாஸ் கொட்டிவிட்டது, இங்கே இஸ்திரி என்று ஒருவர் இருக்கிறாரே, வழி சொல்வாரா என்று எழுதினார். மனைவி போனபிறகு சமையலும் தானே, சட்டையும் தானே என்று அடுத்த வரியில் இருந்தது. ஹேசுன் பதில் எழுதினாள். "பருத்தியா, கலப்பா? பருத்தின்னா வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பைப் போட்டு உள்பக்கத்திலேருந்து தட்டுங்க. தேய்க்காதீங்க. தேய்ச்சா கறை குடியேறிடும்." மறுநாள் வானத்துக்குப் பதில் ஒரு வெள்ளைச் சட்டையின் படம் வந்தது. "கறை வீட்டைக் காலி செய்துவிட்டது" என்று போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தின் சண்டைக்கு நடுவே இவர்கள் இருவர் மட்டும் தனியாக ஒரு பேச்சு நடத்தினார்கள். கம்பளி, காலர், முள்ளங்கி சூப்பு, முழங்கால் வலி. மற்றவர்கள் திட்டிப் பார்த்தார்கள். "இது பங்குப் பக்கமா, கல்யாண புரோக்கர் ஆபீசா?" என்று ஒருவர் கேட்டார். ஹேசுனுக்குக் காது சூடானது. ஆனால் சாயங்காலமானால் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு போனை எடுத்துவிடுவாள். படம் வரத் தாமதமானால் கை வேலையில் நிற்காது.

மற்றவர்களெல்லாம் மார்ச் எப்போது வரும் என்று தவம் கிடந்தார்கள். ஹேசுனுக்கு மட்டும் மார்ச் வரக்கூடாது. பெயர் தெரிந்த மறுநிமிடம் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். விலை ஏறினாலும் விற்பார்கள், விழுந்தாலும் விற்பார்கள். திருவிழா முடிந்த மைதானம் மாதிரி அந்தப் பக்கம் காலியாகிவிடும். பின்வாசல் என்ற பெயர் மறைந்துவிடும். அவருடைய நிஜப் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

"அடியே, ஊரெல்லாம் விலை ஏறணும்னு கும்பிடுது. நீ மட்டும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே" என்றாள் ஓக்புன் அக்கா, ஒரு கிண்ணம் வெள்ளரி கிம்ச்சியை மேசையில் வைத்து.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா தினம் அஞ்சு மணிக்குத் தலையைச் சீவிக்கிறே? போன்ல உன் தலை தெரியாதுடி."

இலையுதிர் காலத்தில், மத்தியான வேளையில், அவர் ஒரு பதிவு போட்டார். "விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்." ஹேசுன் அப்போது யாரோ ஒரு வங்கிக்காரரின் கால்சட்டைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மடிப்பு கோணலாகப் போனது. ஒன்றும் யோசிக்காமல் எழுதினாள்.

"இன்னிக்குக் காலையில ஒரு வெளிநாட்டுக்காரர் கோட்டு வெளுக்கக் கொண்டுவந்தார். ஓச்சாங் ஆலைக்கு வந்தவராம். கையில வட்டமா ஒரு கடிகாரம், கடையில நான் பார்த்ததே இல்லாத மாடல். நல்லா ஆங்கிலம் பேசினார். அவசரப்பட்டு வித்துடாதீங்க. இருங்க."

வெளிநாட்டுக்காரரும் இல்லை, கோட்டும் இல்லை. பச்சைப் பொய். பக்கம் தீப்பிடித்தது. அமெரிக்கக் கட்சி அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. விலை இரண்டு நாள் எகிறியது, பிறகு வந்த வழியே கீழே இறங்கி, முன்பிருந்ததற்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அவளை நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேரோ. ஆனால் அவள் அன்று மத்தியானம் பார்த்தது ஒரே ஒரு பதிலைத்தான். "நீங்கள் சொன்னால் இருக்கிறேன்." அதைப் படித்து அவள் சந்தோஷத்தில் அழுதாள். வாரம் திரும்புவதற்குள் பயத்தில் அழுதாள். அந்த மனிதர் தன் ஓய்வுக்காலப் பணத்தை அவள் பேச்சைக் கேட்டு அதில் போட்டு வைத்திருக்கிறார். மார்ச்சில் யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்தால் அவர் கதி? அவரை இருக்கவைத்தது அவள். அதுவும் அவருக்காக இல்லை, தனக்காக.

குளிர்காலம் முழுவதும் அவர் படம் போட்டார். பனியில் சுவர், பனியில் ஜன்னல். ஒவ்வொரு படத்துக்கும் அவள் நெஞ்சு ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் எரிந்தது. நேரில் பார்த்து உண்மையைச் சொல்லிவிடவேண்டும், திட்டினாலும் அவர் குரலில் திட்டு வாங்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. பிப்ரவரியில் துணிந்து எழுதினாள். மார்ச்சில் பங்குதாரர் கூட்டம் ஆலையிலேயே நடக்கப்போகிறது. நிறுத்திவைப்பு அன்று காலையோடு முடிவதால் பெயரை அங்கேயே சொல்லப்போவதாகவும் பேச்சு. "நான் போறேன். நீங்களும் வருவீங்கதானே?"

அன்று சாயங்காலம் படம் வரவில்லை. மறுநாள்தான் பதில் வந்தது. "வருகிறேன். பச்சை மஃப்ளர் போட்டிருப்பேன்."

கூட்டத்தன்று ஓக்புன் அக்கா தன் முத்துத் தோட்டை அவிழ்த்து இவள் காதில் மாட்டிவிட்டாள். "பேரு தெரியாத ஆளைப் பார்க்கப் போறே. கிழவனா இருந்தா?"

"நான் மட்டும் குமரியா?"

"சரி, அழுதுக்கிட்டு வராதே. வந்தாலும் என் தோட்டோட வா."

ஆலை வாசலில் அழைப்புச் சீட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து, பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளே விட்டார்கள். டிசம்பர் கடைசியில் யார் கையில் பங்கு இருந்ததோ அவர்கள் பெயர்தான் அந்தப் பட்டியலில் இருக்கும். உள்ளே போனவர்களுக்கு நினைவுப் பரிசாகக் கம்பெனி பெயர் போட்ட ஒரு துண்டு. கூட்டம் இரண்டாம் மாடிச் சாப்பாட்டுக்கூடத்தில். ஹேசுன் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் அந்தத் துண்டைப் போட்டு இடம் பிடித்தாள்.

கூடம் நிரம்பிவிட்டது. ஒரு தடித்த மனிதர் வந்து நாற்காலியைப் பிடித்தார். "இங்க யாரும் வராங்களாம்மா?"

"வராங்க."

"ஆரம்பிக்கப் போறாங்களே."

"வருவாங்க. நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

சாம்பல் மஃப்ளர், நீல மஃப்ளர், ஒன்றுமே இல்லாத கழுத்துகள். பச்சை இல்லை. தலைவர் வணக்கம் சொன்னார், கணக்கு வாசித்தார், கையை உயர்த்தச் சொன்னார். ஹேசுன் எதற்கென்று தெரியாமல் உயர்த்தினாள். அவர் வரமாட்டார் என்று மெதுவாகப் புரிந்தது. விலையைப் பார்த்து மனம் உடைந்திருப்பார். இல்லையென்றால் பொய்யைக் கண்டுபிடித்திருப்பார். முகத்தைக்கூடப் பார்க்க விரும்பாத அளவுக்கு வெறுத்திருப்பார். பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்க்க முடியாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

கீழே சுவர். சுவரைத் தாண்டிப் பின்வாசல், தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னும் இலை விடாத ஒரு கிங்கோ மரம். இத்தனை மாதம் போனில் பார்த்த படத்தை இப்போது உள்ளிருந்து வெளியே பார்க்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. மரத்தடியில் ஒரு மனிதர் நின்று இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பச்சை மஃப்ளர்.

"நீங்கள் எல்லோரும் காத்திருந்த அந்தப் பெயரை…" என்று தலைவர் தொடங்கி, தண்ணீர் குடித்தார். கூடம் மூச்சைப் பிடித்தது. ஹேசுன் எழுந்தாள். "உக்காருங்கம்மா! மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளி வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கும்போது மேலே ஓவென்று ஒரு சத்தம். சந்தோஷமா சாபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் நிற்கவில்லை.

தெருவைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. அவர் அவளைவிட உயரம் குறைவு. காது சிவந்திருந்தது, ரொம்ப நேரமாகக் குளிரில் நிற்கிறவர் என்று தெரிந்தது.

"இஸ்திரி?" என்றார்.

"உள்ள ஏன் வரல?"

"விடலை. பட்டியல்ல பேரு இல்லையாம்." கைகளைப் பிசைந்தார். "நான் இலையுதிர் காலத்துலயே எல்லாத்தையும் வித்துட்டேங்க. விற்கலாம்னு இருக்கேன்னு எழுதினேனே, அன்னிக்குக் காலையிலயே வித்தாச்சு. விடைபெறத்தான் அதை எழுதினேன்."

"அப்போ குளிர்ல தினம் இங்க வந்து…"

"இருங்கன்னு சொன்னீங்களே."

ஹேசுன் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு காசும் இழக்கவில்லை. ஒரு பங்குகூட இல்லாமல் பனியில் நின்று அந்த ஜன்னலைப் படம் எடுத்திருக்கிறார்.

"நான் எழுதினது பொய்" என்றாள். "அந்தக் கோட்டு, வெளிநாட்டுக்காரர், எல்லாமே. நீங்க போயிடக்கூடாதுன்னு எழுதினேன். எத்தனை பேர் அதை நம்பி…"

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படி?"

"சட்டைன்னா பருத்தியா கலப்பான்னு கேட்டுட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவீங்க. அந்தக் கோட்டு என்ன துணின்னு நீங்க எழுதவே இல்லையே." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சட்டைப்பையைத் தட்டினார். "நீங்க கூட்டத்துக்குக் கூப்பிட்டதும் ஓடிப்போய் ஒரு பங்கு வாங்கினேன். ஒண்ணே ஒண்ணு."

"பிப்ரவரியிலயா? ஐயோ! டிசம்பர்ல கையில இருந்தாத்தானே பட்டியல்ல வரும்? இது தெரியாமலா இத்தனை நாள் எறும்பா இருந்தீங்க?"

"வாசல்ல அந்தக் காவல்காரப் பையனும் இதையேதான் கேட்டான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, அவள் அதை மறைக்கவும் இல்லை. அவர் மஃப்ளரை அவிழ்த்து நீட்டினார். அவள் வாங்கிய கையோடு ஓரத்தைத் தடவிப் பார்த்து, "கம்பளி. சுடுதண்ணில போட்டிருக்கீங்க, சுருங்கிடுச்சு" என்றாள்.

"என் பேரு மா தேசிக்" என்றார் அவர். பிறகு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, பேரு சொல்லிட்டாங்களா? யாராம் அது?"

"தெரியல. சொல்றதுக்குள்ள எழுந்து வந்துட்டேன்."

அவருடைய போனும் அவளுடைய போனும் பைக்குள் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தன. இருவரும் எடுக்கவில்லை.

"மேல எனக்குப் பக்கத்துல உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தேன்" என்றாள் ஹேசுன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "துண்டு போட்டு. அது இன்னும் அங்கேயேதான் கிடக்கு."