பக்கத்தில் ஒரு அக்கா

வர்ஷினிக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது மெஹராஜ் டீச்சருக்கு எப்படித் தெரியும்? நெட்டையாக வளர்ந்த பாவத்துக்கு அவளுக்குக் கடைசி பெஞ்சு. அங்கிருந்தே ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதித் தருகிறாளே! பெரியநாயக்கன்பாளையத்துப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் அவளைத்தான் எல்லோருக்கும் உதாரணம் காட்டுவார்.

கண் பரிசோதனைக்கு வந்த டாக்டர் சொன்னபோது டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்டையின் மேல் வரிசைப் பெரிய எழுத்தே அவளுக்குத் தெரியவில்லையாம். இப்படியே விட்டால் பார்வை இன்னும் இறங்குமாம்.

"அப்பறம் எப்படி கண்ணு எழுதுனே?"

"பக்கத்துல இருக்கற அக்கா சொல்லுவாங்க டீச்சர். காதுக்குள்ள."

அந்த பெஞ்சில் அவள் ஒருத்திதான். ஆனாலும், யாருக்கோ இடம் விட்டதுபோல ஓரமாக ஒண்டிக்கொண்டுதான் உட்காருவாள். டீச்சருக்கு முதுகு சில்லிட்டது. சே, பிள்ளை ஏதோ உளறுகிறது என்று மனதை அடக்கிக்கொண்டார்.

அவள் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"சோடாபுட்டி போட்ட புள்ளைய நாளைக்கு எவனுங்க கட்டிக்குவான்?"

"கட்டிக்கிறத அப்பறம் பாக்கலாமுங்க. மொதல்ல ரோட்டுல வர்ற பஸ்ஸு அவளுக்குத் தெரியட்டும்!" டீச்சர் கத்தியே விட்டார். கடைசியில் அந்த அம்மாள் இறங்கி வந்தாள்.

கண்ணாடி வந்த அன்று, கடைசி பெஞ்சுக்கே போய் டீச்சர் தன் கையால் மாட்டிவிட்டார். வர்ஷினி பலகையைப் பார்த்தாள். வாய் பிளந்தது.

"ஐயோ டீச்சர், தேதி கூடத் தெரியுதுங்க! உங்க கையெழுத்து இவ்வளவு கோணலாங்க?"

வகுப்பே சிரித்தது. டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"அக்கா, இங்க பாருங்க!" என்று வர்ஷினி துள்ளலாகப் பக்கத்தில் திரும்பினாள்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி டீச்சர் கையில் திணித்தாள்.

"எனக்கு இது வேண்டாங்க டீச்சர்."

"ஏன் அம்மணி, பவர் சரியில்லையா?"

"பவரெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. அக்கா மூஞ்சி தெரியாததுக்கு என் கண்ணுதான் மோசம்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேனுங்க. இப்ப எல்லாத்து மூஞ்சியும் தெரியுதுங்க டீச்சர். அக்காவுக்குத்தான் மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்லீங்க."

டீச்சர் கண்ணாடியை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.